கல்லீரலுக்கு ஒரு சங்கு

ராஜபாளையத்துக்காரர்களுக்குச் சங்கு மூன்று வகை. கோயிலில் ஊதுவது, இழவு வீட்டில் ஊதுவது, மில்லில் ஊதுவது. மூன்றாவது சங்கை நம்பித்தான் இந்த ஊர் ஊரானது. 1936இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். பிறகு ஒன்றையொட்டி ஒன்றாக நூற்பாலைகள் வந்தன. பக்கத்துச் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிகள் பெருகின. வீட்டுக்கு வீடு கடிகாரம் இல்லாத காலத்தில் உலை வைப்பதும் பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்புவதும் மில் சங்கைக் கேட்டுத்தான். இன்று பல ஆலைகளில் சங்குச் சத்தம் ஓய்ந்துவிட்டது. ஷிப்ட் ஓயவில்லை.

எனக்குத் தெரிந்த ஒருவர் ஒரு நூற்பாலையின் ரிங் ஃபிரேமில், அதாவது நூல் நூற்கும் இயந்திரத்தில், அறுந்த நூலை ஒட்டிவிடும் சைடர் வேலை பார்க்கிறார். இரண்டாம் ஷிப்ட் என்றால் மத்தியானம் மூன்று மணிக்கு உள்ளே போய் இரவு பதினொன்றுக்கு வெளியே வருவார். கிளம்புகிற அவசரத்தில் மத்தியானச் சோறு பாதிதான் இறங்கும். சாயங்காலம் ஒரு டீ, ஒரு வடை. பதினொன்றேகாலுக்குத் தென்காசி ரோட்டோரப் பரோட்டாக் கடையில் கூட்டாளிகள் நாலைந்து பேருடன் உட்காருவார். இரண்டு பரோட்டா என்று ஆரம்பிக்கும். இலையில் பிய்த்துப் போட்டுச் சால்னாவை ஊற்றி ஊறவிட்டபின் கணக்கு யாருக்கு நினைவிருக்கும்? நான்காவது வந்துவிடும், கூடவே ஆம்லெட்.

“பகல்ல திங்கிறதெல்லாம் கடமைக்கு அண்ணாச்சி. ராத்திரிதான் உக்காந்து நிம்மதியாத் திங்கிறது” என்றார் ஒருநாள். அதே மூச்சில் இன்னொன்றும் சொன்னார்: “காலையில நெஞ்செல்லாம் எரியுது. பசியே எடுக்க மாட்டேங்குது.”

இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில் இருப்பதுதான் இந்த அத்தியாயம்.

முதலில் எளிய கணக்கு. ஒரு பரோட்டாவுக்கு அறுபது கிராம் மைதா, பத்து கிராம் எண்ணெய் என்று வைத்துக்கொள்வோம். விருதுநகர் எண்ணெய் பரோட்டா என்றால் எண்ணெய்க்கு நான் பொறுப்பில்லை. மைதாவில் ஏறத்தாழ 210 கலோரி, எண்ணெயில் 90, ஆக 300. நான்கு பரோட்டா 1,200. சால்னாவையும் ஆம்லெட்டையும் சேர்த்தால் 1,500ஐத் தொடும். மிதமாக உழைக்கும் ஆணுக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 2,710 கலோரி தேவை என்பது ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுக் கணக்கு. அதில் பாதிக்கு மேல் ஒரே இருப்பில், அதுவும் படுக்கப் போகும் நேரத்தில் உள்ளே போகிறது.

அதனால் என்ன, மொத்தக் கணக்கு சரியாக இருந்தால் போதாதா என்று கேட்கலாம். நெடுங்காலம் மருத்துவமும் அப்படித்தான் நினைத்தது. வயிறு ஒரு கோணிப்பை. எந்த நேரத்தில் போட்டாலும் எடை ஒன்றுதான் என்று. அந்த நினைப்பை அசைத்த ஆராய்ச்சியின் ஒரு கிளை, நமக்கு ஏறத்தாழ எண்பது கிலோமீட்டரில், மதுரையில்தான் வளர்ந்தது.

மதுரைக்கு மேற்கே கீழக்குயில்குடியில் சமணர் மலை இருக்கிறது. ஒரு காலத்தில் அங்கே வாழ்ந்த சமணத் துறவிகள் பொழுது சாய்ந்தபின் சாப்பிடாதவர்கள். விளக்கைத் தேடி வரும் பூச்சி உணவில் விழுந்து சாகக்கூடாது என்பது அவர்கள் கவலை. அவர்கள் போய்ப் பல நூற்றாண்டுகள் ஆனபின், அந்தப் பக்கத்துக் குகையில் இலைமூக்கு வௌவால்கள் குடியிருந்தன. இவை பொழுது சாய்ந்தபின் மட்டுமே சாப்பிடுபவை. சாப்பிடுவது அந்தப் பூச்சிகளைத்தான். மலைக்கு நகைச்சுவை உணர்வு உண்டு போலிருக்கிறது.

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் எம்.கே. சந்திரசேகரன் இந்த வௌவால்களைத் தேடித்தான் குகைக்குள் போனார். ஜெர்மனியின் டூபிங்கனில் பழ ஈக்களின் உடற்கடிகாரத்தை ஆராய்ந்துவிட்டுத் திரும்பியவர் அவர். குகையின் உட்பகுதியில் வெளிச்சம் எட்டாது. ஆனாலும் வெளியே அந்தி சாயும் நேரத்தில் வௌவால்கள் பறக்க ஆயத்தமாகிவிடும். ஒரு வௌவாலை மட்டும் கூண்டில் அடைத்து இருட்டுக்குள் தொங்கவிட்டால் அது எதை வைத்து நேரம் அறியும்? ஜி. மாரிமுத்து, ராஜன், சந்திரசேகரன் மூவரும் 1981இல் வெளியிட்ட கட்டுரையில் பதில் இருந்தது. கூட்டம் வந்து போகும் குகையில் அடைபட்ட வௌவால், கூட்டத்தின் நேரத்தையே தன் நேரமாகக் கொண்டது. கூட்டமில்லாத குகையில் வைத்தபோது அதன் கடிகாரம் தன் போக்கில் விலகி ஓடியது. சூரியனைப் பார்க்காத உயிருக்கு அக்கம்பக்கத்தின் அரவமே சூரியன்.

பரோட்டாக் கடையில் உட்கார்ந்திருக்கும்போது எனக்கு இந்தக் குகை ஞாபகம் வரும். அது பிறகு.

சந்திரசேகரன் வௌவாலோடு நிற்கவில்லை. கடிகாரம், ஜன்னல், வானொலி, செய்தித்தாள் எதுவும் இல்லாத அறை ஒன்றைப் பல்கலைக்கழகத்தில் அமைத்து, முன்வந்த மனிதர்களை வாரக்கணக்கில் அதில் தனியே தங்கவைத்தார். ஜெர்மனியில் யூர்கன் அஷாப் இதைப் பதுங்கறையில் செய்து காட்டியிருந்தார். இரண்டு இடத்திலும் விசித்திரமான ஒன்று தெரிந்தது. உள்ளே இருந்தவர்கள் சிலரின் தூக்கமும் விழிப்பும் இருபத்து நான்கு மணி நேரத்தைவிட மிக நீண்ட ‘நாளுக்கு’ இழுத்துக்கொண்டு போயின. உடல் வெப்பநிலையோ ஏறக்குறைய இருபத்தைந்து மணி நேரச் சுற்றிலேயே ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஒரே உடம்பு, இரண்டு நேரம். அப்படியானால் உள்ளே கடிகாரம் ஒன்றல்ல.

இன்று நமக்குத் தெரியும், அது ஒன்றோ இரண்டோ அல்ல. மூளையின் அடியில், இரு கண்களிலிருந்தும் வரும் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, ஏறத்தாழ 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஒரு சிறு கொத்து இருக்கிறது. அதுதான் தலைமைக் கடிகாரம். அதற்குச் சங்கு ஊதுவது வெளிச்சம். ஆனால் கல்லீரல், கணையம், குடல், கொழுப்புத் திசு என்று ஒவ்வொன்றின் அணுக்களுக்குள்ளும் அதே கடிகாரப் பொறி ஓடுகிறது. சில மரபணுக்கள் புரதத்தைச் செய்யச் சொல்கின்றன. சேர்ந்துபோன புரதம் திரும்பி வந்து அந்த மரபணுக்களையே நிறுத்துகிறது. புரதம் கரைந்ததும் மறுபடி முதலிலிருந்து. இந்தச் சுற்று முடிய ஏறத்தாழ ஒரு நாள். இதைத் துலக்கிய ஹால், ராஸ்பாஷ், யங் மூவருக்கும் 2017இல் நோபல் பரிசு கிடைத்தது.

கல்லீரலுக்கு வெளிச்சம் தெரியாது. தலைமைக் கடிகாரம் அனுப்பும் சேதியை அது கேட்கும்தான். ஆனால் அதற்குத் தனியாக ஒரு சங்கு உண்டு: சோறு. ஜெனீவாவில் உவேலி ஷிப்ளர் குழுவினர் 2000ஆம் ஆண்டில் எலிகளுக்கு வேளை மாற்றித் தீனி வைத்துப் பார்த்தார்கள். கல்லீரலின் கடிகாரம் தீனி வேளைக்குப் போய்ச் சேர்ந்துகொண்டது. மூளையின் கடிகாரம் அசையவில்லை. மனிதரிடம் இதன் சாயலை 2017இல் இங்கிலாந்தின் சர்ரே பல்கலைக்கழகம் காட்டியது. பத்து ஆண்களுக்கு மூன்று வேளை உணவையும் ஐந்து மணி நேரம் தள்ளிக் கொடுத்தார்கள். ரத்தச் சர்க்கரையின் தினசரி ஏற்ற இறக்கம் ஐந்தே முக்கால் மணி நேரம் போலத் தள்ளிப்போனது. மூளைக் கடிகாரத்தின் அடையாளமான மெலடோனின் இருந்த இடத்திலேயே இருந்தது.

பதினொன்றேகாலுக்கு முதல் வாய் பரோட்டா உள்ளே போகும்போது நடப்பதும் இதுதான். மூளை இரவு என்கிறது. கல்லீரலுக்கு ஷிப்ட் தொடங்கும் சங்கு கேட்கிறது.

இனி அந்த நான்கு பரோட்டாவின் பின்னாலேயே போவோம். மைதா நார் போன மாவு. தனியாகத் தின்றால் சீக்கிரம் சர்க்கரையாகிவிடும். ஆனால் இங்கே அது எண்ணெயோடு பிசைந்து, எண்ணெயில் வெந்து, எண்ணெய் மிதக்கும் சால்னாவில் ஊறியிருக்கிறது. கொழுப்பு, இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும். இரவில் இரைப்பை ஏற்கெனவே மெத்தனம். ஆகவே மாவு வெள்ளமாக வராமல் கால்வாய்த் தண்ணீர்போல விட்டு விட்டு, அவர் தூங்கிய பிறகும் குடலுக்கு வந்துகொண்டே இருக்கிறது.

அதை வாங்கிக்கொள்ள வேண்டிய கணையமோ கடையடைக்கும் மனநிலையில் இருக்கிறது. இருட்டியதும் மூளை சுரக்கும் மெலடோனின், கணையத்தின் இன்சுலின் அணுக்களையும் போய்த் தொட்டு, கையை மெதுவாக்கச் சொல்கிறது. இரவு என்பது பட்டினி கிடக்கும் நேரம், சர்க்கரையை ரத்தத்திலிருந்து அவசரமாக அள்ளிவிடாதே என்பது பழைய ஏற்பாடு. சாமத்தில் பரோட்டாக் கல் எரியும் என்று பரிணாமம் எதிர்பார்க்கவில்லை. பாஸ்டன் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் 2015இல் வெளியிட்ட சோதனையில், ஒரே மாதிரிச் சாப்பாட்டைக் காலை எட்டு மணிக்கும் இரவு எட்டு மணிக்கும் கொடுத்தபோது, இரவில் ரத்தச் சர்க்கரை 17 சதவீதம் கூடுதலாக ஏறியது. தின்றவர் அவரே, தின்றதும் அதுவே. எட்டு மணிக்கே இந்தக் கதை.

பன்னிரண்டு மணிக்கு அவர் படுக்கிறார். இரைப்பைக்கும் உணவுக்குழாய்க்கும் நடுவில் ஒரு தசை வளையம் உண்டு. வயிறு புடைத்திருந்தால் அது அடிக்கடி நெகிழும். நிற்கும்போது புவியீர்ப்பு காப்பாற்றும்; படுத்தால் அமிலத்துக்கு வழி சமதளம். விழித்திருக்கும்போது நாம் அறியாமலே விழுங்கும் எச்சில் அந்த அமிலத்தைக் கழுவிக் கீழே தள்ளும். தூக்கத்தில் விழுங்குவது அபூர்வம். ஆகவே ஏறிய அமிலம் அங்கேயே கிடந்து அரிக்கிறது. புளித்த ஏப்பம், நெஞ்செரிச்சல், விடியக்காலையில் தொண்டைக் கரகரப்பு எல்லாம் அதன் கைங்கரியம். நல்ல தூக்கத்துக்கு உடம்பின் உள்வெப்பம் சற்று இறங்க வேண்டும். செரிமானம் அடுப்பை அணையவிடாது. ஏழு மணி நேரம் படுத்திருந்தும் தூங்கினமாதிரியே இல்லை என்பார்.

காலையில் பசி இல்லாததற்கு வேறு மர்மம் தேவையில்லை. ராத்திரிச் சாப்பாடு இன்னும் முடியவில்லை. வெறும் டீயோடு போவார். மத்தியானம் பாதிச் சோறு. ராத்திரி பதினொன்றுக்கு உடம்பு முழுக் கடனையும் வட்டியோடு கேட்கும். அரைத் தூக்கமும் அந்தக் கடனில் சேரும். சிகாகோவில் பன்னிரண்டு இளைஞர்களை இரண்டே இரவு நான்கு மணி நேரம் மட்டும் தூங்கவிட்ட 2004ஆம் ஆண்டுச் சோதனையில், போதும் என்று சொல்லும் லெப்டின் 18 சதவீதம் குறைந்தது. பசியைக் கிளப்பும் கிரெலின் 28 சதவீதம் கூடியது.

ராத்திரி நேரத்தில் மனக்கட்டுப்பாடு இல்லை என்று யாரையாவது திட்டும் முன் இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். சோறு, தூக்கம், வெளிச்சம் எல்லாவற்றின் தாக்கத்தையும் நீக்கிவிட்டு, கடிகாரம் மட்டும் பசியை எப்படி நடத்துகிறது என்று பிராங்க் ஷீர் என்ற ஆராய்ச்சியாளரின் குழுவினர் 2013இல் பார்த்தார்கள். பசி மிகக் குறைவாக இருந்தது காலை எட்டு மணி வாக்கில். மிக அதிகமாக இருந்தது இரவு எட்டு மணி வாக்கில். இனிப்பு, உப்பு, மாவுப் பண்டங்களின் மேலான ஆசையும் அப்படியே. நீண்ட இரவைப் பட்டினியாகத் தாண்டுவதற்காக உடம்பு முன்னிரவில் நிரப்பிக்கொள்ளச் சொல்கிறது. அந்தி சாய்ந்து அடங்கிவிடுகிற ஊருக்கு இது நல்ல ஏற்பாடு. டியூப் லைட் வந்த ஊருக்கு இல்லை.

ஆகவே ராத்திரி தின்பவர் எல்லாரும் நோயாளி அல்ல. ஆனால் ஒரு சிறு கூட்டத்துக்கு இது நோயாகவே இருக்கிறது. 1955இல் ஆல்பர்ட் ஸ்டங்கார்ட் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் இதற்கு இரவு உண்ணல் நோய் என்று பெயரிட்டார். அன்றைய உணவில் கால்வாசிக்கு மேல் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகே உள்ளே போகும். தூக்கத்தில் எழுந்து போய்த் தின்றால்தான் மறுபடி கண் மூடும். காலையில் சோற்றைப் பார்க்கவே பிடிக்காது. பெரும்பாலும் மனச்சோர்வும் கூடவே இருக்கும். வீட்டில் ஒருவர் சாமத்தில் சமையலறை விளக்கைப் போடுவது வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் வழக்கமாகிவிட்டால் கேலி செய்யாமல் மருத்துவரிடம் அழைத்துப் போகலாம்.

இங்கிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் ஸ்ரீவில்லிபுத்தூர். அங்கே ஆபத்து வேறு உருவத்தில், இலையில் மடித்துத் தரப்படுகிறது. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவா. பாலும் சர்க்கரையும் தவிர வேறெதுவும் சேராது. விறகடுப்பில் வற்ற வற்றக் கிண்டுவதுதான் கைவேலை. பாலில் எண்பத்தைந்து சதவீதத்துக்கு மேல் தண்ணீர். அதைப் போக்கிவிட்டால் மிஞ்சுவது கொழுப்பும் புரதமும் பால் சர்க்கரையும். மேலே நாம் போட்ட சர்க்கரை. ஒரு கரண்டிக்குள் ஒரு டம்ளர் பால் ஒளிந்திருக்கிறது. சாயங்காலம் சூடாக வாங்கிப் பேருந்தில் ஏறுபவர்கள் வீட்டுக்குப் போய், சாப்பாட்டுக்கு மேல், டிவிக்கு முன்னால் பொட்டலத்தைப் பிரிக்கிறார்கள். நாலு மணிக்குத் தின்றிருக்கலாமே என்றுதான் எனக்குத் தோன்றும். தின்ன வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது; நானும் வாங்குகிறவன்தான்.

ஆண்டாளின் ஊர் இது. திருப்பாவையின் நோன்பில் விடியுமுன் நீராடல் உண்டு. நெய்யும் பாலும் விலக்கு. மார்கழி இருபத்தேழாம் நாள், கூடாரவல்லிக்கு, நெய் ஒழுகும் அக்காரவடிசில் வரும். பக்தியைப் பற்றிப் பேச நான் ஆளில்லை. ஆனால் வருடத்தின் மிகக் கனத்த இனிப்பைக் காலைப் பொழுதில் தொன்னையில் வாங்கித் தின்னும் வழக்கத்தைப் பார்த்தால் கணையம் கையெடுத்துக் கும்பிடும்.

ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. ஒடிசாவில் பிறந்து அமெரிக்காவின் சால்க் நிறுவனத்தில் பணிபுரியும் சச்சிதானந்த பாண்டா 2012இல் காட்டிய எலிச் சோதனைதான் அதற்கு வித்து. கொழுப்பு மிகுந்த தீனியை நாள் முழுக்கத் தின்ற எலிகள் கொழுத்தன. அதே அளவு தீனியை எட்டு மணி நேரத்துக்குள் தின்றவை கொழுக்கவில்லை. அபாரமான சோதனை. ஆனால் மனிதன் எலி இல்லை. சீனாவின் குவாங்சோவில் 139 பேரை ஒரு வருடம் பின்தொடர்ந்து 2022இல் வந்த ஆய்வில், கலோரியை மட்டும் குறைத்தவர்களும், கலோரியைக் குறைத்ததோடு காலை எட்டிலிருந்து மாலை நாலு மணிக்குள் சாப்பாட்டை முடித்தவர்களும் ஏறக்குறைய ஒரே அளவு எடைதான் இழந்தார்கள். கோணிப்பைக் கணக்கு முழுப்பொய் இல்லை. எடை குறைய அளவு குறைய வேண்டும். நேரம் செய்வது வேறு வேலை.

என்ன வேலை என்பது அதே 2022இல் ஷீர் குழுவின் இன்னொரு சோதனையில் தெரிந்தது. பதினாறு பேருக்கு அதே உணவை நான்கு மணி நேரம் தள்ளிக் கொடுத்தபோது, பசி எடுப்பதற்கான வாய்ப்பு இரட்டிப்பானது. விழித்திருக்கையில் உடம்பு செலவழிக்கும் ஆற்றல் ஐந்து சதவீதம் குறைந்தது. வரவைக் கூட்டச் சொல்லித் தூண்டிவிட்டு செலவைக் குறைக்கிறது. ஆய்வகத்தில் தட்டை அளந்து வைப்பார்கள். பரோட்டாக் கடையில் யார் அளக்கிறார்கள்?

அப்படியானால் முழு நைட் பார்ப்பவர்கள்? ஊரே தூங்கும்போது நூல் அறுந்ததா என்று பார்த்துக்கொண்டு நடப்பவர்களிடம், இரவில் சாப்பிடாதே என்று சொல்வது சுலபம். 2021இல் பத்தொன்பது பேரை ஆய்வகத்தில் இரவு வேலை போன்ற சூழலில் வைத்துப் பார்த்தார்கள். இரவில் சாப்பிட்டவர்களுக்கு ரத்தச் சர்க்கரை சராசரியாக 6.4 சதவீதம் கூடியது. இரவில் விழித்திருந்தும் பகலில் மட்டும் சாப்பிட்டவர்களுக்குக் கூடவில்லை. இரவு விழிப்பால் வரும் கேட்டில் ஒரு பங்கு உண்மையில் இரவுச் சோற்றால் வருவது. கேன்டீனில் சாமம் இரண்டு மணிக்குப் பிரியாணி போடுவதை ஆலைகள் நல்லெண்ணத்தில்தான் செய்கின்றன. அதே செலவில் சாமத்தில் சுண்டலும் மோரும் கொடுக்கலாம் என்பது என் யோசனை, கேட்பவர் கேட்கட்டும். ரத்தச் சர்க்கரை இங்கே சின்ன விஷயம் இல்லை. 2023இல் வந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வு இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் என்றது. தமிழ்நாடு நாட்டின் சராசரிக்கும் மேலே நிற்கிறது.

நம் சைடருக்கு வருவோம். டிபன் பாக்ஸில் சோறு கொண்டுபோய் ஏழரை மணி இடைவேளையில் சாப்பிட்டுவிடுங்கள், ஷிப்ட் முடிந்ததும் ஒரு டம்ளர் பாலோ வாழைப்பழமோ போதும் என்றேன். யோசித்துவிட்டு அவர் சொன்ன தடை பசியைப் பற்றியது அல்ல. “நான் மட்டும் தனியாத் தூக்குவாளியத் திறந்தா ஒரு மாதிரி இருக்கும் அண்ணாச்சி. பெறகு பதினோரு மணிக்கு எல்லாரும் கடைக்குப் போகையில நான் எங்க போக?”

சமணர் மலைக் குகை இங்கேதான் வருகிறது. பரோட்டாக் கடை வெறும் கடை இல்லை. எட்டு மணி நேரம் இயந்திரச் சத்தத்தில் ஒரு வார்த்தை பேச முடியாமல் நின்றவர்கள் முதல்முறையாக ஒருவர் குரலை ஒருவர் கேட்கும் இடம் அது. கூட்டமாக உட்கார்ந்தால் மனிதன் கூடுதலாகத் தின்பான் என்பது ஆராய்ந்து கண்ட விஷயம். கூட்டம் எந்த நேரத்தில் தின்கிறதோ அந்த நேரத்தில்தான் தின்பான் என்பதற்கு ஆராய்ச்சியே வேண்டாம். அவர் கேட்டது பரோட்டாவுக்குப் பதில் என்ன என்றல்ல, கூட்டாளிகளுக்குப் பதில் யார் என்று.

எனக்குப் பதில் தெரியவில்லை. அவரே வழி கண்டுபிடித்தார். முதல் வாரம் தனியாகத்தான் சாப்பிட்டார். இரண்டாம் வாரம் பக்கத்து ஃபிரேம்காரர் ஊறுகாய் கேட்டு வந்து உட்கார்ந்தார். இப்போது நாலு வாளி திறக்கிறது. பதினொன்றுக்கு எல்லாரும் கடைக்குப் போகிறார்கள்தான். டீ குடித்துவிட்டு அரைமணி நேரம் பேசிவிட்டுக் கலைகிறார்கள். பரோட்டா என்றால் வாராந்திர லீவு நாளில், வீட்டுப் பிள்ளைகளோடு, சாயங்காலம் ஏழு மணிக்கு. நெஞ்செரிச்சல் எப்படி என்று கேட்டேன்.

“அது பரவாயில்ல அண்ணாச்சி. ஆனா ஏழு மணிக்குக் கல்லு சரியாக் காயறதில்ல. மொறுமொறுப்பு பத்தல.”